கைராசியும் இரண்டு கோடும்

எனக்குக் கைராசியில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் நடந்துகொள்வதைப் பார்த்தால் உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம். பஞ்சவர்ணம் அக்காவின் கை பட்டால் எதுவும் விளங்கும் என்று சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, "அதெல்லாம் சும்மா" என்று சொன்னவன் நான் ஒருவன்தான். சொல்லிவிட்டு, என் பாத்தியில் விதை போடுவதற்கு அவரைத்தான் கூப்பிட்டேன். நம்பிக்கை வேறு, பாகற்காய் வேறு.

அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது. லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோட்டுக் காய்கறிக்கடை ஒன்றில் வேலை. அந்த வேலை அவருக்குக் கிடைத்ததே ஒரு தமாஷ். கடைக்காரர் சேதுபதி புதிதாகக் கடை போட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் காலையில் அக்கா போய் முதல் ஆளாக ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கியிருக்கிறார். அன்று மதியத்துக்குள் கடை காலி. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் சேதுபதி அப்படி நினைக்கவில்லை. மறுநாளும் வரச் சொன்னார், அதற்கடுத்த நாளும் வரச் சொன்னார். தினமும் ஒருவரைக் கீரை வாங்க வைப்பதைவிடச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது மரியாதை என்று முடிவு செய்து வேலையே கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து பேர் பரவியது. அந்த வட்டாரத்தில் யார் புதுக்கடை திறந்தாலும் முதல் போணி அக்கா கையால்தான். ஜாலான் புசாரில் திறந்த ஒரு ஆணிக்கடைக்கும் போய் ஒரு பொட்டலம் ஆணி வாங்கிவந்தார். அவர் வீட்டுச் சுவரில் இன்றுவரை ஒரு படம்கூட மாட்டவில்லை. அந்தக் கடைக்காரர் மட்டும் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர் தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள், இலை போட்டுச் சாப்பாடு போடுவார்கள், மேடைப் பக்கம் மட்டும் கூப்பிடமாட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன் மகளின் கல்யாணத்தில் நலங்கு வைக்க வரிசையில் நின்றிருக்கிறார். அண்ணி வந்து தோளைத் தொட்டு, "நீ கொஞ்சம் பின்னால இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணைச் சின்ன வயதில் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர் அக்காதான். இதை என்னிடம் சொன்னபோதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அந்த அண்ணிமேல் இன்னும் கோபம் ஆறவில்லை. இந்த ஊரில் லிஃப்ட் எல்லா மாடிக்கும் ஏறுகிறது, சிலருக்குப் புத்தி மட்டும் ஏறமாட்டேன் என்கிறது.

அப்படிப் பின்னால் நிறுத்தப்பட்டவரை முன்னால் கூப்பிட்ட இடம் எங்கள் தோட்டம். புளோக்குக்குப் பின்னால் குடியிருப்பாளர்கள் சேர்ந்து நடத்துகிற சமூகத் தோட்டம், ஆளுக்கு ஒரு பாத்தி. அதற்குத் தலைவர் நான். தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, அதனால் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் கொடிக்காய்கள்தான் போட்டிருந்தோம். பரங்கி, சுரை, வெள்ளரி, என் பாகல், சீனரான லிம் அங்கிளின் நீர்ப்பூசணி, குலசிங்கம் ஐயாவின் தர்பூசணி.

இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. நடுவில் தேனீ வந்து தூது போனால்தான் காய் பிடிக்கும். எங்கள் தோட்டத்துக்குத் தேனீ வருவது அபூர்வம். வந்தாலும் பக்கத்துக் காண்டோ குடியிருப்பில் பூ அதிகம் என்று அங்கே போய்விடும். ஆகவே மனிதர்கள்தான் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவில் தடவிவிட வேண்டும். இதற்கு எங்கள் தோட்டத்தில் 'கல்யாணம்' என்று பெயர். வெயில் ஏறுவதற்குள் முகூர்த்தம், தாமதித்தால் பூ வாயை மூடிக்கொள்ளும்.

நான் நடத்திவைத்த கல்யாணம் எதுவும் நிலைக்கவில்லை. பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அக்கா நடத்திவைத்தால் நிற்கும். எனவே தினமும் காலையில், வேலைக்குப் போவதற்கு முன், அவர்தான் பாத்தி பாத்தியாகப் போவார். ஆண் பூ, பெண் பூ, பிறகு கொடி அளவுக்கு மேல் ஓடாமல் இருக்க நுனியைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கிள்ளு. "அக்கா, எங்க பக்கம் மறந்துடாதீங்க" என்று நாலாபுறமும் கூப்பிடுவார்கள். லிம் அங்கிளும் "அக்கா, அக்கா" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான், அதை அவர் அக்காவின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலை நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் கல்யாணத்திலும் முன்னால் வரக்கூடாது என்று சொல்லப்பட்டவர், ஊர்க் கல்யாணத்தையெல்லாம் நடத்திவைத்துவிட்டு ரயிலேறி வேலைக்குப் போவார். அந்தச் சந்தோஷத்துக்கு அவர் வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

குலசிங்கம் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. யாழ்ப்பாண வழி வந்தவர், ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "இன்று மழை வரும்" என்பதைக்கூட ஒரு தீர்மானத்தை முன்மொழிவது போலத்தான் சொல்வார். அவர் இணையத்தில் எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒரு பொட்டலம் தர்பூசணி விதை வரவழைத்தார். வழக்கம்போல் அக்கா கையால் ஊன்றியாயிற்று. கொடி ஓடியது. கொஞ்ச நாளில் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக விழுந்தன.

வேறு ஊராக இருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பார்கள். இது சிங்கப்பூர். இங்கே இலையில் இரண்டு நிறம் வந்துவிட்டால் அந்தச் செடிக்கு மவுசு. வீட்டு வரவேற்பறையில் திட்டு விழுந்த இலையோடு ஒரு செடி வைத்திருப்பவர், அதைப் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டுவார். ஐயாவும் தனக்கு அரிய ரகம் வாய்த்துவிட்டது என்று முடிவு செய்து, பாத்தியின் ஓரத்தில் பெயர்ப்பலகை வைத்தார். நாங்கள் வரிசையாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். அந்த இலை ஒன்றைத் தடவிப் பார்க்காத ஆள் இல்லை. அக்கா தினமும் அதன் நுனியைக் கிள்ளிவிட்டுத்தான் அடுத்த பாத்திக்கு வந்தார்.

பழம் பெரிதானதும் ஐயா எல்லோரையும் கீழ்த்தளத்துக்கு அழைத்தார். தட்டு, கத்தி, மேசைவிரிப்பு எல்லாம் தயார். செந்தமிழில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். உழைப்பு, பொறுமை, அயலாரின் ஒத்துழைப்பு என்று பேச்சு நீண்டது. நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை அவர் பார்த்துவிட்டார். முதல் வெட்டு அக்கா கையால் என்று ஒரு மனதாகத் தீர்மானம். அக்கா கத்தியை வைத்து அழுத்தினார். உள்ளே சிவப்பு இல்லை, அழுக்குப் பழுப்பு. சதை நைந்து, ஊறிய பஞ்சு மாதிரி இருந்தது. வாடை வேறு. லிம் அங்கிள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "திஸ் ஒன் கேனாட் லா" என்றார். அதுவே அன்றைய நன்றியுரை.

அடுத்தடுத்து மற்றப் பாத்திகளிலும் அதே திட்டுகள். லிம் அங்கிளின் நீர்ப்பூசணி இலை கொப்புளம் கொப்புளமாகச் சுருண்டது. என் பாகல் வளராமல் என்னைப் பார்த்து முறைத்தது. இப்போது யாரும் அரிய ரகம் என்று சொல்லவில்லை. கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். யாரோ தேக்கா மார்க்கெட்டிலிருந்து ஒரு சாம்பல் பூசணி வாங்கி, அதில் கண்ணும் மீசையும் எழுதி, வேலியில் கட்டித் தொங்கவிட்டார்கள். பூசணிக்குக் கண் படாமல் இருக்கப் பூசணியையே காவல் போட்ட ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும். லிம் அங்கிள் அதன் கீழே சீன வழக்கப்படி ஒரு சிவப்பு ரிப்பனும் கட்டினார், இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று. குலசிங்கம் ஐயா இது நாசவேலை என்றும் விசாரணை வேண்டும் என்றும் கோரினார். சிரித்தவன் என்ற முறையில் முதல் சந்தேகம் என்மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவதர்ஷினி தோட்டத்துக்கு வந்தாள். எங்கள் புளோக்கில் வளர்ந்த பெண், கிளமெண்டி பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் செடிகளுக்கு வருகிற நோய்களைப் பற்றிப் படிக்கிறாள். ஒரு இலையைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. பையிலிருந்து சின்னச் சின்னப் பட்டைகளை எடுத்தாள். இலையைக் கொஞ்சம் நீர் விட்டு நசுக்கி, அதில் பட்டையை நட்டு வைத்தாள். கோவிட் காலத்தில் மூக்கைக் குடைந்துகொண்டு நாம் எல்லோரும் பார்த்த அதே மாதிரிப் பட்டை. ஒரு கோடு வந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்தோம். இரண்டாவது கோடும் வந்தது.

எல்லோரும் எங்களை அறியாமலே தள்ளி நின்றோம், பரங்கிக்கொடி எங்கே தும்மிவிடப்போகிறதோ என்பதுபோல. லிம் அங்கிள் பாக்கெட்டிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினார்.

"அங்கிள், இது நமக்கு வராது, செடிக்கு மட்டும்தான்" என்றாள் சிவதர்ஷினி. வெள்ளரி, தர்பூசணி, பரங்கி என்று இந்தக் குடும்பத்தையே பிடிக்கிற வைரஸ், தமிழில் தேமல் நோய் என்பார்கள் என்று விளக்கினாள். தேமல் என்றதும் யாரோ மஞ்சள் பூசலாமா என்று கேட்டார்கள். மஞ்சளும் இல்லை, மருந்தும் இல்லை, பிடுங்கி எறிவது ஒன்றுதான் வழி என்றாள். இந்த மாதிரி வைரஸ்கள் இப்போது நாடு விட்டு நாடு போகின்றனவாம், பெரிய பெரிய பண்ணைகளே இதனால் தர்பூசணியைக் கைவிட்டிருக்கின்றனவாம். விதையோடு வரும், பிறகு தொட்டால் பரவும். ஐயா மீதி வைத்திருந்த விதைகளையும் வாங்கிச் சோதித்தாள். அதிலும் இரண்டு கோடு. விசாரணை கேட்டவர் மெதுவாகப் பாத்தி வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தன் பெயர்ப்பலகையைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு சிவதர்ஷினி சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். "விதை ஒரே ஒரு பாத்தியிலதானே போட்டீங்க? அப்போ எல்லாப் பாத்திக்கும் எப்படிப் போச்சு? யாராவது ஒரே ஆளு எல்லாச் செடியையும் தொட்டீங்களா?"

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும் என்பதால் அக்கா அன்று கடையில் இருந்தார். அவர் இல்லாத இடத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் நடந்ததுதான் கேலிக்கூத்து. அக்காவிடம் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை. 'வெள்ளை ஈ வந்துவிட்டது' என்று சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். 'மழை அதிகம்' என்றார் இன்னொருவர். அது சரிவராது, நாளைக் காலை அவர் கல்யாணம் நடத்த வந்துவிடுவாரே என்றாள் சிவதர்ஷினி. இருக்கட்டும், எப்படியாவது சமாளிக்கலாம் என்று தலையாட்டிவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையில் இறங்கினோம். கடைசியில், பூனைக்கு மணி கட்டுவது தலைவரின் பொறுப்பு என்று முடிவாயிற்று. பதவி என்றால் என்ன என்று எனக்கு அப்போது புரிந்தது.

டவுன்டவுன் தடத்து ரயிலில் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். வழி முழுக்க வசனம் தயார் செய்துகொண்டேன். கடையில் தோள் இடிபடும் கூட்டம். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்கிற, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊர்ப் பையன்கள் வாரச் சமையலுக்குக் காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒருவன், முதல் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பப்போகிறேன், உங்க கையால ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுங்க அக்கா என்று நின்றான். அக்கா எடுத்துக் கொடுத்தார், அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அதைப் பார்த்த பிறகு என் வசனம் தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டது. "என்ன தம்பி, இவ்வளவு தூரம்?" என்றார் அக்கா. பரங்கிக்காய் வாங்க வந்தேன் என்றேன். தோட்டத்தில் பரங்கி போட்டிருப்பவன், ரயிலேறி வந்து பரங்கிக்காய் வாங்குகிறான். அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தார். நல்ல காயாக ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை நான் பயந்தது நடந்தது. அக்கா முதல் பாத்திக்குப் போனார். அந்தப் பாத்திக்காரர், இன்றைக்கு வேண்டாம் அக்கா, பூ சரியில்லை என்றார். அடுத்த பாத்தியில் இப்போதுதான் மருந்தடித்தோம் என்றார்கள். அதற்கடுத்த பாத்திக்காரர் தன் கொடிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, தோட்டத்தில் அல்ல, கோல்போஸ்டில் நிற்பவர் மாதிரி நின்றார். லிம் அங்கிள் "அக்கா" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் தமிழ் தெரியாததால் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா நடுப்பாதையில் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"கதிரேசன், என்ன நடக்குது இங்க?"

சொன்னேன். பட்டை, இரண்டு கோடு, ஐயாவின் விதை, தொட்டால் பரவுவது எல்லாம் சொன்னேன். தவறு விதையில்தான் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். முடித்ததும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் பச்சைக் கறை இருந்தது.

"அன்னிக்குக் கல்யாணத்துல பின்னால போன்னு சொன்னாங்கல்ல, அது பொய்னு எனக்குத் தெரியும் தம்பி. அதனாலதான் சிரிச்சுட்டு வந்துட்டேன். இது பொய் இல்லையே. ரெண்டு கோடு போட்டுக் காட்டுதே."

ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதன் இந்த மாதிரி நேரத்தில் பேசக் கூடாது. நான் பேசினேன்.

"அப்படி இல்ல அக்கா. உங்க கைராசி இல்லாம ஒரு வைரஸ் இவ்வளவு சீக்கிரம் எல்லாப் பாத்தியிலும் இப்படிப் பிடிச்சு வளருமா? என் கையில வந்திருந்தா அதுவும் அன்னிக்கே வாடிப்போயிருக்கும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஆறுதல் என்று ஆரம்பித்தேன், பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். விட்டு விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கியவர், கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். லிஃப்டுக்குப் போனார். பொத்தானையும் முழங்கையால்தான் அழுத்தினார்.

அந்த வாரமே எல்லாக் கொடிகளையும் பிடுங்கி, பைகளில் கட்டி அப்புறப்படுத்தினோம். காவல் பூசணியும் போயிற்று. ஒரு வருடம் கொடிக்காய் எதுவும் போடக்கூடாது என்றாள் சிவதர்ஷினி. கீரையும் கத்திரியும் மிளகாயும் போட்டோம். அவற்றுக்கு இந்த நோய் வராது, அதனால் எல்லோரும் அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா வந்தார். ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுகாதார இன்ஸ்பெக்டர் மாதிரி நடந்தார். "அதைக் கொஞ்சம் தள்ளி நடு", "இதுக்குத் தண்ணி போதும்" என்று வாயால் சொல்வதோடு சரி. விதையை நீட்டினால், நீங்களே போடுங்க என்று நகர்ந்துவிடுவார். கடையிலும் முதல் போணியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சேதுபதி எனக்கே போன் செய்து புலம்பினார். இது மனிதருக்கு வராது, எலுமிச்சம்பழத்துக்கும் வராது, வியாபாரத்துக்கும் வராது என்று அவருக்கு விளக்கினேன். எனக்கு ஏன் சொல்றீங்க, அவங்களுக்குச் சொல்லுங்க என்றார். நான் அக்காவிடம் பலமுறை சொன்னேன். தெரியும் தம்பி என்பார். தெரிந்தவருக்கு என்ன சொல்வது?

கையைக் கட்டிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்ணிதான் ஞாபகம் வருவார். அவர் ஒரு வார்த்தையில் செய்ததை, நாங்கள் அன்பாகப் பேசிப் பேசியே செய்து முடித்துவிட்டோம். யாரும் அவரைப் பின்னால் போகச் சொல்லவில்லை, அவரே போய் நின்றுகொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வருடம் கழிந்தது. சிவதர்ஷினி மண்ணையும் புது விதைகளையும் சோதித்தாள். எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடு. இனி போடலாம், ஆனால் இரண்டு விதிகள் என்றாள். ஒன்று, ஒரு பாத்தியை அதை வைத்திருப்பவர் மட்டும்தான் தொட வேண்டும். இரண்டு, தொடுவதற்கு முன் கையையும் கத்தியையும் பால் பவுடர் கரைசலில் முக்க வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பால் இந்த வைரஸைக் கட்டிப்போடுமாம். முதலில் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தோம். ஆய்வுக்கூடத்தில் இதைத்தான் செய்கிறோம் அங்கிள் என்றாள்.

விதைக்கிற காலையில் தோட்டத்து நடுவில் ஒரு வாளி வைத்தோம். லிம் அங்கிள் பேரப்பிள்ளையின் பால் பவுடர் டின்னையே தூக்கி வந்துவிட்டார், மருமகளுக்குத் தெரியாது. குலசிங்கம் ஐயா அளவு பார்த்துக் கரைத்தார். கலக்கும்போது மறந்தும் சொற்பொழிவு ஆற்றவில்லை, பாவம், அந்த ஒரு வருடத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். வெள்ளை வெளேரென்று பால், அதைச் சுற்றிப் பக்தியாக நாங்கள். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

எல்லோர் கையிலும் விதை இருந்தது. ஒருவரும் வாளியில் கையை விடவில்லை. நான் லிம் அங்கிளைப் பார்த்தேன், அவர் ஐயாவைப் பார்த்தார், ஐயா வானத்தைப் பார்த்தார். எங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அக்காவைக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் இல்லை, கூப்பிட்டால் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்ற பயம். கூப்பிடாமல் ஆரம்பிக்கவும் கை வரவில்லை. அக்கா வேலியோரம், எல்லோருக்கும் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கைராசியில் நம்பிக்கை இல்லாத நானும் விதையை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

கடைசியில் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன எல்லாரும் பாலு திரியட்டும்னு நிக்கிறீங்களா?" என்றார். "தள்ளுங்க."

கட்டியிருந்த கைகளை அவிழ்த்துக்கொண்டு, எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு கையையும் மணிக்கட்டு வரை வாளியில் விட்டார். கட்டைவிரல் நகத்தை மட்டும் ரொம்ப நேரம் தேய்த்தார். சோப்புப் போட்டார், கழுவினார். சட்டத்தைக் காப்பாற்றுபவர் மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்து, "அவங்கவங்க பாத்திக்கு அவங்கவங்க கை. யாரும் என்கிட்ட வராதீங்க" என்றார். பிறகு தன் சொந்தப் பாத்திக்குப் போனார். இத்தனை வருடமும் எங்கள் பாத்திகளையெல்லாம் முடித்துவிட்டு, நேரம் இருந்தால் மட்டும் எட்டிப் பார்த்த பாத்தி அது. குனிந்தார். விதையை ஊன்றி, மேலே மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் வாளியில் கையை விட்டோம்.